கண்டி அரசர் திறந்த வாயிலும் அடைத்த வாயிலும்

எசல மாதத்தில் கண்டி மாநகரத் தெருவோரத்தில் நின்று பெரகரா ஊர்வலத்தைக் காணாதார் நம்மிடையே அரியர். சாட்டை வீசுவோர் முன்செல்ல, கொடி தாங்குவோரும் தீவட்டி ஏந்துவோரும் தொடர, மேளகாரரும் ஆடுநரும் வரிசை வரிசையாகச் செல்ல, தலதா மாளிகையின் பெருங்களிறு புனிதப் பேழையைச் சுமந்து வரும். அதன் பின்னர் நாததெய்வம், விட்டுணு, கதிர்காமக் கந்தன், பத்தினி ஆகிய நால்வர்க்கும் உரிய தேவாலயங்களின் ஊர்வலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். சில ஆண்டுகளின் முன்னர் மாணவர் சிலரை இவ்விழாவுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். அவருள் ஒருவன், யானையின் முன்னே மேளம் கொட்டிச் சென்ற முதியவர் ஒருவரைச் சுட்டிக்காட்டி, "ஐயா, தந்ததாதுவுக்கு இத்துணை அண்மையில் நிற்கும் இவருடைய மகன் விரும்பினால் மல்வத்தை விகாரையிலே பிக்குவாகலாமா?" என வினாவினான். ஆகாது என்றேன். ஏன் என்றான். அவ்வினாவுக்கு அன்று கூறிய விடை எனக்கே நிறைவளிக்காமையால் எழுந்தது இக்கட்டுரை.

புறத்தார்க்குச் சமயச் சடங்குகளைத் திறந்துவிடும் அரச கட்டளைகள் உலக வரலாற்றில் மிகப் பல அல்ல. கண்டி இராச்சியத்திலோ அத்தகைய திறப்பும், அதற்கு மாறான அடைப்பும், ஒரே அரசனின் ஆட்சியில் ஒரே சடங்கைப் பற்றி நிகழ்ந்தன. அவ்வரசன் 1747 தொடக்கம் 1782 வரை ஆண்ட கீர்த்திசிறீ இராசசிங்கன். அவன் செயலை விளங்கிக்கொள்வதற்கு உபசம்பதை என்னும் சடங்கின் இயல்பை முதற்கண் அறிதல் வேண்டும்.

பௌத்தத் துறவியருள் சாமணேரர் எனப்படுவோர் பயிலுநிலையினர். உபசம்பதை பெற்றவரே முழுமையான பிக்கு ஆவர். இவ்வுபசம்பதையைத் தனியொருவர் அளித்தல் இயலாது. விநய நூலின்படி பத்துப் பிக்குகள் கூடிய சங்கம் வேண்டும். எல்லைப்புற நாடுகளாயின் ஐவர் போதும். அவ்வைவரும் ஒரு நாட்டில் இல்லாதொழிந்தால் அந்நாட்டில் உபசம்பதை அற்றுப்போகும். முடிமன்னன் தன் செங்கோலால் எதை ஆக்கினும் ஒரு பிக்குவை ஆக்கமாட்டான். விளக்கிலிருந்து விளக்கேற்றுவது போன்றது இது. கடைசி விளக்கும் அவிந்துவிட்டால் அயலார் வீட்டுக்குத்தான் செல்லல் வேண்டும்.

கண்டி அரசர் பன்முறை அயலார் வீட்டுக்குச் சென்றனர். போத்துக்கேயரோடு பொருது இராச்சியத்தை நிலைநாட்டிய முதலாம் விமலதர்மசூரியன் அரக்கான் தேசத்திலிருந்து பிக்குகளை வருவித்து, 1597 இல் பேராதனைச் சாலையருகே மகாவலி கங்கைக் கரையிலுள்ள கெட்டம்பையில் உபசம்பதை நிகழ்த்துவித்தான். சரியாக ஒரு நூற்றாண்டின் பின், 1697 இல், இரண்டாம் விமலதர்மசூரியன் அதே அரக்கானிலிருந்து அதே கெட்டம்பைக்குப் பிக்குகளை அழைத்தான். இருமுறை ஏற்றிய விளக்கும் நீடித்து எரிந்ததில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே இலங்கையில் உபசம்பதை பெற்ற சங்கம் இல்லாதொழிந்தது. கணின்னான்சே எனப்பட்டோர் காவியுடுத்தும் உடாமலும், குடும்பம் பேணியும் விகாரைச் சொத்துகளை ஆண்டும் வந்தனர். இந்நிலையைக் கண்டு வருந்தியவருள் தலையாயவர் வெலிவிட்ட சரணங்கரர். அவரே பாலி கற்றுத் தம்மைச் சூழ்ந்த இளையோர்க்கும் கற்பித்து, சீயத்திலிருந்து உபசம்பதையை வருவிக்குமாறு மூன்று அரசரை இடையறாது வேண்டினார்.

அம்மூவருள் பின்னிருவர் சிங்களவர் அல்லர். 1739 இல் நரேந்திரசிங்கன் மறைந்தபின் அவன் தேவியின் உடன்பிறந்தானாகிய மதுரை நாயக்கர் குலத்தவன் சிறீ விசய இராசசிங்கன் என்னும் பெயரோடு அரியணை ஏறினான். அவனுக்குப் பின் வந்தவனே நம் கீர்த்திசிறீ. பிறப்பால் வடுகராகிய இவர்கள் சைவ வைணவச் சூழலில் வளர்ந்தோர். கண்டியின் முடி சூடியபின் பௌத்த சமயத்தின் காவலராயினர். விசய இராசசிங்கன் அனுப்பிய தூது கப்பல் உடைந்து பயனின்றிப் போயிற்று. பின்னும் ஒரு தூது அவ்வரசன் இறந்தமையால் இடைநின்றது. 1750 இல் கீர்த்திசிறீ அனுப்பிய தூதே காரியம் முடித்தது. கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் கையில் இருந்தமையின் பிக்குகளைக் கொணரும் கப்பலையும் அவர்களிடமே இரந்து பெறவேண்டியதாயிற்று. புத்த சாசனத்தை மீட்கச் சென்ற கப்பல் புரட்டெசுத்தாந்து வணிகரின் கப்பலாக அமைந்தமை வரலாற்றின் குறும்புகளுள் ஒன்று. 1753 இல் உபாலி தேரரும் அவரோடு வந்த பிக்குகளும் அயுத்தியாவிலிருந்து திருகோணமலையில் இறங்கிக் கண்டி அடைந்தனர். அவ்வாண்டு எசலப் பூரணையன்று மல்வத்தையில் உபசம்பதை நிகழ்ந்தது. சரணங்கரர் சங்கராசர் ஆயினார். அயுத்தியா நகரோ 1767 இல் பர்மியரால் அழிந்தது; தூது இன்னும் பதினான்கு ஆண்டுகள் தாழ்த்திருப்பின் வருவிப்பதற்கு அந்நகரே இருந்திராது.

இங்கே ஒன்று கருதத்தக்கது. சீயத்தாரின் உபசம்பதை மரபு தானும் இடைக்காலத்தில் இலங்கையிலிருந்து சென்ற மரபே. ஆதலின் கண்டி அந்நியரிடம் கடன் வாங்கியது என்பதினும், முன்பு கொடுத்து வைத்ததைத் திரும்பப் பெற்றது என்பதே பொருந்தும். ஒரு சமயம் தன் சடங்கைப் பிறர்க்குத் திறந்து வைத்தமையால் தானே பிழைத்துக்கொண்டதற்கு இதனிற் சிறந்த சான்று யான் அறியேன்.

கீர்த்திசிறீ காலத்தில் நேர்ந்த மற்றொரு திறப்பு பெரகராவைப் பற்றியது. 1660 தொடக்கம் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயனாகிய உரொபேட்டு நொக்சு, தான் 1681 இல் வெளியிட்ட நூலில் இவ்விழாவை விரிவாக வருணிக்கின்றான். அவன் வருணிப்பது தெய்வங்களின் ஊர்வலம். தந்ததாது அதில் வரக்காணோம். சீயப் பிக்குகள் இதனைக் கண்டு, புத்தபிரானுக்கு இடமில்லாத விழா புத்தரை வழிபடும் தலைநகரில் நிகழ்தல் தகுமோ என வினவினர் எனவும், அதனால் அரசன் தந்ததாதுவின் ஊர்வலம் முதலிலும் நான்கு தேவாலயங்களின் ஊர்வலங்கள் அதன் பின்னும் செல்லக் கட்டளையிட்டான் எனவும் வழிவழிச் செய்தி கூறும். தந்ததாதுவுக்கு விழா எடுத்தல் புதுவதன்று. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அநுராதபுரத்தில் அத்தகைய விழாவைச் சீன யாத்திரிகர் பாகியன் கண்டெழுதியுள்ளார். ஆயினும் தெய்வங்களுக்கே உரியதாய் நடந்த கண்டி விழாவின் முன்னணியை வேறொரு சமயத்தின் திருப்பொருளுக்கு விட்டுக்கொடுத்ததும், அவ்வாறு விட்டபின்னும் தெய்வங்களை ஊர்வலத்தினின்றும் நீக்காமையும் நுண்ணிய அரசியல் அறிவின் பயன்கள். கெட்டம்பையில் நீர்வெட்டு முடித்துத் திரும்புங்கால் ஊர்வலம் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலில் தங்கி வரும் வழக்கத்தை நம்மில் பலர் கண்ணாரக் கண்டிருக்கிறோம். உபசம்பதை இருமுறை நிகழ்ந்த துறையும் தெய்வங்களின் தீர்த்தத்துறையும் கெட்டம்பை என்னும் ஓரிடத்திலேயே அமைந்தன.

இத்துணையும் செய்த அரசனைப் பிரதானிகள் தம்மவனாகக் கொண்டார்களோ எனின், இல்லை. அவன் திருநீறு பூசுவதை விடவில்லை என்பது அவர்கள் கூறிய குறைகளுள் ஒன்று. 1760 இல் சமனக்கொடி அதிகாரும் வேறு சிலரும், பிக்குகள் சிலரும் கூடி, மல்வத்தையில் ஓர் ஆசனத்தின் கீழ்க் குழி பறித்து அதன்மேல் அரசனை இருத்திக் கொல்லச் சூழ்ந்தனர். அவனுக்குப் பதிலாக அரியணையேற அவர்கள் தெரிந்து வைத்திருந்தவன் சீயத்திலிருந்து வந்திருந்த ஓர் அரசகுமாரன்! அந்நியன் ஒருவன் ஆளலாகாது என்றவர்கள் அவனினும் தொலைவிலுள்ள அந்நியனை நாடினர். சூழ்ச்சி வெளிப்பட்டது, அதிகார் கொல்லப்பட்டான், சங்கராசர் சரணங்கரரும் ஐயத்துக்குள்ளாகித் தலைநகரினின்றும் சிறிதுகாலம் அகற்றப்பட்டுப் பின்னர் மீண்டும் தம் நிலை பெற்றார். ஆலயங்களுக்கும் விகாரைகளுக்கும் அரசன் செய்துவந்த கொடைகள் இதனால் குன்றினவாகத் தெரியவில்லை.

இந்தப் பின்னணியில் வைத்தே அடைத்த வாயிலை நோக்க வேண்டும். 1753 இன் பின்னர்த் தொடக்க ஆண்டுகளிலே பிற குலத்தாரும் உபசம்பதை பெற்றனர். ஆயின் கீர்த்திசிறீயின் ஆட்சியிலேயே, சீய நிகாயத்து உபசம்பதை கொவிகமர் என்னும் வேளாண் குலத்தார்க்கு மட்டுமே உரியதென்றும், அதுவும் கண்டியிலே மல்வத்தை, அஸ்கிரியை என்னும் இரு விகாரைகளிலும் மட்டுமே நிகழவேண்டுமென்றும் வரையறை ஏற்பட்டது. மேளம் கொட்டுவோர், கருவா உரிப்போர், மீன் பிடிப்போர், பனங்கட்டி காய்ச்சுவோர் முதலியோர் விகாரைக்கு வந்து வணங்கலாம், தானம் கொடுக்கலாம், ஊர்வலத்தில் தம் தொழிலைச் செய்யலாம், செய்தே ஆகவும் வேண்டும். சங்கத்தின் நடுவே சென்று உபசம்பதையை வேண்டுதல் மட்டும் ஆகாது.

இதற்கு விநயத்தில் ஆதாரம் உண்டோ எனத் தேடினால் யாண்டும் காணோம். உபசம்பதைக்கு வருவானிடம் கேட்கப்படும் கேள்விகள் இன்னவை என நூல் வரையறுத்திருக்கிறது. தீரா நோய் உண்டா, மனிதப்பிறவிதானா, ஆண்மகனா, அடிமையல்லாதவனா, கடன் உண்டா, அரச சேவகத்தில் இருக்கின்றானா, பெற்றோர் இசைந்தனரா, இருபது வயது நிரம்பிற்றா, ஓடும் உடையும் உள்ளனவா, பெயர் யாது, ஆசிரியர் யார் என்பன அவை. குலம் யாது என்னும் கேள்வி அவற்றுள் இல்லை. அரச சேவகம் பற்றிய கேள்வியைக் காட்டி, சேவை செய்யும் குலத்தார் யாவரும் அரச கடமைக்கு உட்பட்டவர், ஆதலின் தகுதியற்றவர் என ஒருவர் வாதிக்கக்கூடும். இவ்வாதம் நில்லாது. கண்டி இராச்சியத்தில் இராசகாரியம் எல்லாக் குலத்தார்க்கும் இருந்தது; கொவிகமரும் நிலம் பெற்று அதற்கீடாகச் சேவை செய்தோரே. அவர்களைத் தடுக்காத கடமை மற்றையோரை மட்டும் தடுப்பது எங்ஙனம்?

இதனினும் வியப்பு ஒன்றுளது. விநயத்தைக் காத்த முதற் சீடர் உபாலி. அவர் சாக்கிய குலத்து இளவரசர்க்கு முடிதிருத்தியவர். இளவரசர் துறவுபூண வந்த அன்று, தம் செருக்கு அடங்கும்பொருட்டு உபாலிக்கே முதலில் துறவு அளிக்குமாறு புத்தரை வேண்டினர். அவ்வாறே நிகழ, அவர்கள் தம் நாவிதனை வணங்கினர் என நூல் கூறும். புத்தர் மறைந்தபின் கூடிய முதற் சங்கத்தில் விநயத்தை ஓதியவரும் அவரே. கண்டிக்கு உபசம்பதை கொணர்ந்த சீயத் தேரரின் பெயரும் உபாலி. அவர் 1756 இல் கண்டியிலேயே மறைந்தார். அவர் பெயருக்கு மூலமாகிய பழைய உபாலி அவ்வரையறையின் பின் கண்டிக்கு வந்திருப்பாராயின், அவர்க்கு அங்கு உபசம்பதை கிடைத்திராது.

அரசன் இதனை ஏன் செய்தான்? யான் கருதுவது இது: தன் குடியும் மொழியும் அந்நியமாகிய அரசனுக்குப் பிரதானிகளின் இசைவே அரண். பிரதானிகள் யாவரும் கொவிகமர். தம் நிலத்தில் ஊழியஞ் செய்பவன் மகன் காவியுடுத்து வரும்போது தாம் கைகூப்பி நிலத்தில் வீழ்ந்து வணங்குவதை அவர்கள் பொறார். சீயத்துப் பிக்குவை வணங்குவதில் அவர்களுக்கு இழப்பில்லை. அவர் குலம் யாது என எவரும் அறியார். பக்கத்து ஊரானின் குலத்தையோ எல்லோரும் அறிவர். தூரத்து அந்நியனுக்கு எளிதாகத் திறந்த வாயில் அண்மையிலிருந்தவனுக்கு அடைபட்டதன் காரணம் இதுவே. தானே அந்நியனாகிய அரசன் புறத்தார் நிலையைப் பிறரினும் நன்கு அறிந்திருப்பான் என நாம் எதிர்பார்க்கிறோம். அறிந்துதான் இருந்தான், அந்த அறிவே அவனை அஞ்சச் செய்தது.

அடைத்த வாயிலின் வெளியே நின்றோர் வாளாவிருக்கவில்லை. கரையோரத்து வெலித்தொட்டையைச் சேர்ந்த சலாகம குலத்தவரான அம்பகபிட்டிய ஞானவிமலர் 1799 இல் சாமணேரர் சிலரோடு கப்பலேறிப் பர்மாவின் தலைநகராகிய அமரபுரத்துக்குச் சென்றார். அங்கு உபசம்பதை பெற்று 1803 இல் திரும்பினார். கண்டி அரசர் அரக்கானுக்கும் சீயத்துக்கும் அனுப்பிய தூதுக்குப் பொன்னும் யானையும் ஓலையும் இருந்தன. இவர்களுக்குத் தம் குலத்துச் செல்வர் சிலரின் துணையன்றி வேறில்லை. திரும்பியவர்கள் பலப்பிட்டியில் மாது கங்கையின் நீர்ப்பரப்பிலே மேடையமைத்து உபசம்பதை நிகழ்த்தினர். நீரிலே ஏன்? நிலத்தில் சீமை எனப்படும் எல்லை வகுத்தற்கு ஆள்வோரின் நிலக்கொடையும் சங்கத்தின் இசைவும் வேண்டும். ஓடும் ஆற்றிலோ நடுத்தர வலிமையுள்ள ஒருவன் கையால் நீரை எறியும் தொலைவே சீமை என விநயம் விதித்திருக்கிறது. ஆற்று நீர் எவர்க்கும் நிந்தகமன்று. கெட்டம்பையில் அரசர் மேற்கொண்ட அதே முறையைக் கொண்டே அரச வரையறையைக் கடந்தனர் பலப்பிட்டியார். அன்று கரையோரம் ஆங்கிலேயர் வசம் இருந்தமையின் கண்டியின் ஆணையும் அங்கு எட்டவில்லை. அமரபுர நிகாயம் இவ்வாறு பிறந்தது. பிறந்தபின் அதுவும் குலம் குலமாகப் பிரிந்தமையைச் சொல்லாது விடுவது நேர்மையன்று. 1864 இல் தோன்றிய இராமஞ்ஞ நிகாயம் குலத்தடையைக் கொள்ளவில்லை. மல்வத்தையிலும் அஸ்கிரியையிலும் பழைய வரையறை இன்றளவும் நீங்கிற்றில்லை. 1815 மார்ச்சு 2 ஆம் நாள் ஒப்பந்தம் பௌத்த சமயத்தையும் அதன் சடங்குகளையும் காப்பதாக வாக்களித்தபோது, இவ்வரையறையும் சேர்ந்தே காக்கப்பட்டது. கிறித்தவ அரசன் ஒருவன் அதன் காவலனானான்.

திறக்கும் கட்டளைக்கு எடுத்துக்காட்டு வேண்டின் நம் சமயத்தாரிடம் செல்லலாம். 1936 நவம்பர் 12 இல் திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் பாலராம வர்மர், பிறப்பாலோ சமயத்தாலோ இந்துவாகிய எவரையும் தம் அரசின் கோயில்களுட் செல்லவிடாது தடுத்தல் கூடாதெனப் பிரகடனம் செய்தார். அது மன்னர் மனத்தில் ஒருநாளில் முளைத்ததன்று. 1924 இல் வைக்கத்திலே கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடப்பதற்காகவே சத்தியாக்கிரகம் நடந்தது; வெயிலிலும் வெள்ளத்திலும் நின்றோர் பன்னிரண்டு ஆண்டுகளின் முன்னரே அப்பிரகடனத்தை எழுதத் தொடங்கிவிட்டனர். மதுரையில் இது இன்னும் தெளிவு. 1939 யூலை 8 இல் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டோர் சிலரை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுட் சென்றார். அங்ஙனம் சென்றோரையும் விட்டோரையும் வழக்குகளினின்றும் காக்கும் சட்டத்தை இராசகோபாலாச்சாரியாரின் அரசு பின்னரே பிறப்பித்தது. கால் முன்னே சென்றது. சட்டம் அதன் சுவட்டில் வந்தது. பலப்பிட்டியாருக்கு அத்தகைய சட்டம் ஒன்றும் பின்வரவில்லை. அவர்கள் தமக்கென வேறு வாயில் கட்டிக்கொண்டனர்.

இவ்வொப்புமையில் ஒரு வேற்றுமையை மறத்தலாகாது. திருவிதாங்கூரும் மதுரையும் திறந்தது வழிபடுவோர்க்குரிய வாயில். கண்டியில் வழிபடுவோர்க்கு அது என்றும் திறந்தே இருந்தது. அடைபட்டது சடங்கைச் செய்வோர்க்குரிய வாயில். அவ்வகையில் நோக்கினால் நம் கோயில்களைப் பற்றிப் பெருமை பேசுதற்கு இடமில்லை. தமிழ்நாட்டில் பரம்பரை அர்ச்சகவுரிமையை நீக்கும் சட்டம் 1970 இல் வகுக்கப்பட்டும், பயிற்சி பெற்ற பல குலத்தார் அரசுக் கோயில்களில் நியமனம் பெற 2021 ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. நம் நாட்டிலோ முதல் வாயிலுக்கே போராட்டம் நிகழ்ந்தது. 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் கோயிலுட் செல்லும் உரிமையை உறுதிசெய்து பதினோராண்டு கழிந்தும், 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் உள்ளே செல்ல வந்தவர்கள் நிலத்தில் அமர்ந்து சத்தியாக்கிரகம் செய்தனர். அவர்களை எதிர்த்து வாயிலில் நின்றோருக்கு முன்னின்றவர் கணித மேதையும் முன்னாள் அமைச்சருமான சுந்தரலிங்கம். கீர்த்திசிறீக்குப் பிரதானிகளின் பகை என்னும் சாக்காவது இருந்தது. அத்துணைக் கல்வி வாய்ந்தவர்க்கு எச்சாக்கும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அன்றிரவு என் மாணவனுக்கு யான் கூறிய விடை சுருக்கமானது: அரசனொருவன் இட்ட வரையறை அது, விநயத்தில் இல்லாதது என்றேன். அவன் சிறிது நேரம் ஊர்வலத்தைப் பார்த்திருந்துவிட்டு, "ஐயா, நம் கோயிலில் தவில் வாசிப்பவருடைய மகன் விரும்பினால் பூசகராகலாமா?" என்றான். கதிர்காம தேவாலயத்தின் யானை அப்போதுதான் திருப்பத்தில் தெரிந்தது. பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.